மருத்துவரின் ஒழுக்கமும் நோயாளியின் ஏடும்

நம் வீட்டுக்கு வரும் அந்நியர் ஒவ்வொருவருக்கும் ஓர் எல்லையை வகுத்து வைத்திருக்கிறோம். தபால்காரர் வாசற்படியோடு நின்றுவிடுவார். விருந்தினர் கூடம் வரை வருவார். மருத்துவர் ஒருவர்தாம் எவ்விதத் தயக்கமுமின்றிப் படுக்கையறை வரை அழைத்துச் செல்லப்படுகிறார். பெற்ற தாயிடமும் சொல்லக் கூசும் செய்தியை அவர் முதற் கேள்வியிலேயே கேட்கிறார், நாமும் சொல்லிவிடுகிறோம். இவ்வளவு பெரிய உரிமையை ஒருவருக்கு வழங்கிய சமுதாயம், அவர் அதனைத் தவறாகப் பயன்படுத்தாதிருக்க என்ன ஏற்பாடு செய்தது? அந்த ஏற்பாட்டின் வரலாறு நீண்டது. விசித்திரமான திருப்பங்களும் உடையது.

முதலில் தோன்றிய ஏற்பாடு சபதம். சரக சம்ஹிதையின் விமான ஸ்தானத்தில், மாணவனை அக்கினியின் முன் நிறுத்தி ஆசிரியர் கூறும் கட்டளைகள் வருகின்றன. நோயாளியின் வீட்டிற்குள் செல்லும்போது, அங்கு நுழைய உரிமையுள்ள, அவ்வீட்டார் அறிந்த ஒருவருடன் செல்ல வேண்டும். தலை தாழ்த்தி, மனத்தை அடக்கிச் செல்ல வேண்டும். கணவனோ காப்பாளனோ அறியாமல் ஒரு பெண்ணிடமிருந்து பொருள் எதுவும் பெறலாகாது. உள்ளே கண்ட வீட்டு நடப்புகளை வெளியே பேசலாகாது. கிரேக்க நாட்டு ஹிப்போகிராட்டீஸின் பெயரால் வழங்கும் உறுதிமொழியிலும் ஏறக்குறைய இவையே காணப்படுகின்றன. எந்த வீட்டிற்குள் சென்றாலும் நோயாளியின் நன்மைக்காகவே செல்வேன் என்றும், ஆண், பெண், அடிமை, சுதந்திரர் என்ற வேறுபாடின்றி எவரிடமும் காம இச்சையோடு நடவேன் என்றும், கேட்ட இரகசியத்தைக் காப்பேன் என்றும் கிரேக்க மாணவன் சூளுரைத்தான். அடிமையையும் சேர்த்துச் சொன்னது கவனிக்கத்தக்கது. நம் சரகத்தைப் பற்றி வெறும் பெருமை மட்டும் பேசிவிட்டுப் போவதும் சரியன்று. அரசனால் வெறுக்கப்பட்டவனுக்கு மருந்து கொடாதே என்ற கட்டளையும் அதே பகுதியில் இருக்கிறது.

சபதத்தின் குறை யாதெனில், அதை மீறியவனை விசாரிக்க எவரும் இல்லை. தெய்வம் கேட்கும், ஊர் தூற்றும், அவ்வளவே. ஆகவே மக்கள் தங்களால் இயன்ற காவலைத் தாங்களே செய்துகொண்டார்கள். திரை போட்டார்கள். கோஷா முறை வேரூன்றிய குடும்பங்களில், பெண்ணுக்கு நோய் கண்டால் ஆண் மருத்துவர் அவளைப் பரிசோதிக்கவே இயலாது. இத்தகைய காவல் பெண்ணின் மானத்தைக் காத்தது. பல வேளைகளில் அவள் உயிரைக் காக்கவில்லை. சென்னையில் பாரிஸ்டர் ஒருவரின் மனைவியாக வாழ்ந்த மேரி ஷார்லீப் என்னும் ஆங்கிலப் பெண்மணி இக்கொடுமையைக் கண்டு மனம் நொந்து, 1875-ஆம் ஆண்டில் வேறு மூன்று பெண்களுடன் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். பின்னர் லண்டனில் பட்டம் பெற்றுத் திரும்பி, 1885-இல் கோஷாப் பெண்களுக்கென்றே ஒரு மருத்துவமனை நிறுவக் காரணமானார். திருவல்லிக்கேணியிலுள்ள கஸ்தூரிபா காந்தி மகளிர் மருத்துவமனை அதன் தொடர்ச்சியே. பெண் மருத்துவர் வந்ததும் ஒரு சிக்கல் தீர்ந்தது. ஆனால் ஆண் மருத்துவரைக் கட்டுப்படுத்துவது எப்படி என்ற கேள்வி அப்படியே நின்றது.

சபதத்தை விதியாக எழுத முற்பட்டவர் மான்செஸ்டர் நகர மருத்துவர் தாமஸ் பெர்சிவல். அந்நகரின் பொது மருத்துவமனையில் ஒரு தொற்றுக் காய்ச்சல் காலத்தில் மருத்துவர்களுக்குள்ளேயே பூசல் மூண்டது. யார் யாரைக் கலந்து பேசுவது, எவர் சொல் செல்லும் என்பதில் மனஸ்தாபம் முற்றவே, 1792-இல் நிர்வாகிகள் பெர்சிவலிடம் ஒரு நடத்தை முறையை வகுத்துத் தரும்படி கேட்டார்கள். அது விரிந்து 1803-இல் மருத்துவ அறம் பற்றிய நூலாக வெளிவந்தது. 1847-இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் வகுத்த அறநெறித் தொகுப்புக்கு அதுவே அடிப்படை. ஆனால் நூலைப் புரட்டினால் ஒன்று புலப்படும். மருத்துவர் மருத்துவரிடம் எவ்வாறு நடக்க வேண்டும் என்பதற்கு அதில் கிடைத்த இடம் மிகப் பெரிது. இந்த இரட்டை நோக்கம் பின்வந்த சட்டங்களிலும் தொடர்ந்தது. நம் நாட்டு விதிகளின் தலைப்பிலேயே நடத்தை, ஆசாரம், அறம் என மூன்று சொற்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட என் போன்றோருக்கு இவற்றைப் பிரித்துத் தமிழாக்குவது எளிதன்று. சக மருத்துவரின் நோயாளியைத் தன்பால் இழுக்காதிருப்பது ஆசாரம். நோயாளியின் பலவீனத்தைத் தன் இச்சைக்குப் பயன்படுத்தாதிருப்பது அறம். இரண்டையும் ஒரே தட்டில் வைத்ததால் பல காலம் குழப்பமே விளைந்தது.

1858-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் பாராளுமன்றம் மருத்துவச் சட்டம் இயற்றியது. அதற்குமுன் அந்நாட்டில் மருத்துவத் தொழிலுக்கு அனுமதி வழங்கும் அமைப்புகள் பத்தொன்பது இருந்தன. யார் தேர்ந்தவர், யார் போலி என்று பொதுமக்கள் அறிய வழியில்லை. சட்டம் ஒரு பொது மருத்துவ மன்றத்தையும் ஒரே பதிவேட்டையும் உண்டாக்கியது. குற்றத் தண்டனை பெற்ற மருத்துவர் பெயரையும், தொழில் சம்பந்தமாக இழிவான நடத்தைக்கு ஆளானவர் பெயரையும் அப்பதிவேட்டிலிருந்து நீக்கலாம் என்று 29-ஆம் பிரிவு கூறியது. அந்த ஆங்கிலத் தொடருக்கு அவக்கேடான நடத்தை என்றும் இழிநடத்தை என்றும் சொல்லலாம். ஒழுக்கத்திற்கு எதிர்ச்சொல்லாக வள்ளுவர் கையாளும் இழுக்கம் என்பதே பொருத்தம் என்பது என் எண்ணம்.

இழுக்கம் எது என்பதைச் சட்டம் சொல்லவில்லை. அதைத் தீர்மானிக்கும் வேலையை 1894-இல் ஒரு விசித்திர வழக்கு நீதிமன்றத்தின் தலையில் கட்டியது. டாக்டர் தாமஸ் ரிச்சர்ட் அல்லின்ஸன் தவிடு நீக்காத கோதுமை ரொட்டியே ஆரோக்கியம் என்றும், அக்கால மருந்துகள் பல நஞ்சு என்றும், புகையிலை கேடு என்றும் பத்திரிகைகளில் வாராவாரம் எழுதியவர். தம்மை விளம்பரப்படுத்திப் பிற மருத்துவர்களைப் பழித்தார் என்று 1892-இல் அவர் பெயரை மன்றம் நீக்கியது. மேல்முறையீட்டு நீதிமன்றம் மன்றத்தின் பக்கமே நின்றது. நற்பெயரும் திறமையும் வாய்ந்த சக மருத்துவர்கள் எதை மானக்கேடு என்று நியாயமாகக் கருதுவார்களோ அதுவே இழுக்கம் என்று நீதிபதிகள் வரையறுத்தனர். தவிட்டு ரொட்டியைப் பற்றியும் புகையிலையைப் பற்றியும் பிற்கால விஞ்ஞானம் அல்லின்ஸனையே ஆதரித்தது. அவர் பெயர் தாங்கிய ரொட்டி இங்கிலாந்தில் இன்றும் விற்பனையாகிறது. ஆனால் அந்த வரையறை பிரிட்டனிலும் பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட நாடுகளிலும் பல பத்தாண்டுகள் செல்வாக்குடன் விளங்கியது. அதன்படி அளவுகோல் மருத்துவர் கையில்; நோயாளி வெறும் சாட்சி. அம்மன்றத்தில் மருத்துவரல்லாத முதல் உறுப்பினர் நியமிக்கப்பட்டதே 1926-ஆம் ஆண்டில்தான்.

இருந்தாலும் நோயாளியிடம் எல்லை மீறும் விஷயத்தில் மன்றம் கண்டிப்பாகவே இருந்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஆங்கில எழுத்து ஏ-யில் தொடங்கும் ஐந்து குற்றங்களை அக்காலத்து மாணவர்கள் மனப்பாடம் செய்வார்களாம். சட்ட விரோதக் கருக்கலைப்பு, நோயாளியோடு தகாத உறவு, குடி, போதைப் பழக்கம், விளம்பரம் ஆகியவை அவை. 1964-இல் தம் நோயாளி ஒருவருடன் உறவுகொண்டதற்காகப் பெயர் நீக்கப்பட்ட மருத்துவரின் மேல்முறையீட்டைப் பிரிவி கவுன்சில் தள்ளுபடி செய்தது. நோயாளியும் சம்மதித்தாரே என்ற வாதம் இத்தகைய வழக்குகளில் எடுபடுவதில்லை. ஏன் எனில், வலியோடும் அச்சத்தோடும் வந்து, தன் அந்தரங்கத்தை ஒருவரிடம் ஒப்புவித்துவிட்ட மனிதர் அவருக்குச் சமமானவராக நின்று சம்மதம் தருவதில்லை. கனடாவின் ஒண்டாரியோ மாநிலம் இதை ஐயத்துக்கிடமின்றிச் சட்டமாக்கியது. 1991-இல் அம்மாநில மருத்துவ அமைப்பு நியமித்த குழு பாதிக்கப்பட்ட நோயாளிகளிடமே விசாரித்து அறிக்கை தந்தது. அதன் விளைவாக 1994-இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, குறிப்பிட்ட வகை மீறல் மெய்ப்பிக்கப்பட்டால் உரிமம் கட்டாயமாக ரத்தாகும். ஐந்தாண்டு கழியும் முன் அதை மீண்டும் கேட்கவும் முடியாது. நடுவர்களின் இரக்கத்திற்கு அங்கே இடம் வைக்கவில்லை.

இனி ஏட்டுக்கு வருவோம். எல்லை மீறலும் ஏடு எழுதுவதும் இருவேறு விஷயங்களாகத் தோன்றும். ஆனால் அடைத்த கதவுக்குப் பின்னால் நடந்தவற்றுக்கு மூன்றாவது சாட்சி ஒன்று உண்டென்றால் அது அந்த ஏடுதான்.

நோயாளியைப் பற்றி எழுதிவைக்கும் பழக்கம் மிகத் தொன்மையானது. ஹிப்போகிராட்டீஸின் பெயரால் வழங்கும் கொள்ளைநோய் நூல்களில், இன்ன ஊரில் இன்னார், முதல் நாள் இவ்வாறு, மூன்றாம் நாள் இவ்வாறு என்று 42 நோயாளிகளின் வரலாறு நாள்வாரியாகக் குறிக்கப்பட்டுள்ளது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இறந்துபோனார்கள். அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். இந்த நேர்மை பின்னாளில் அரிதாயிற்று. பல நூற்றாண்டுகள் மருத்துவரின் குறிப்பேடு அவருடைய சொந்தச் சொத்தாகவே இருந்தது. பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் லண்டன் மருத்துவமனைகளை ஒப்பிட முயன்றபோது, ஒன்றின் கணக்கு மற்றொன்றின் கணக்கோடு ஒட்டாததைக் கண்டு சலித்து, 1860-இல் ஒரே மாதிரியான படிவங்களை வற்புறுத்தினார். அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில் ஒவ்வொரு மருத்துவரும் தனித்தனிப் பேரேடு வைத்திருந்தார்கள். ஒரே நோயாளியின் செய்தி பல ஏடுகளில் சிதறிக் கிடந்தது. 1907-இல் ஹென்றி பிளம்மர் என்னும் மருத்துவர் அதை மாற்றினார். ஒரு நோயாளிக்கு ஓர் எண், ஒரு கோப்பு. எந்த மருத்துவர் பார்த்தாலும் அதே கோப்பில்தான் எழுத வேண்டும். இன்று எந்த மருத்துவமனையிலும் காணும் சாதாரண ஏற்பாடுதான். ஆனால் ஏடு மருத்துவரை விட்டு நோயாளியின் பெயருக்கு மாறிய தருணம் அதுவே.

ஏடு சாட்சி சொல்லும் என்பதற்கு இங்கிலாந்தில் நடந்த ஒரு பயங்கர வழக்கே போதும். அதுவும் பெர்சிவலின் மான்செஸ்டருக்கு அருகிலேயே நடந்தது. ஹைட் என்ற சிற்றூரில் ஹரோல்ட் ஷிப்மன் என்ற குடும்ப மருத்துவர் இருந்தார். ஊரார், குறிப்பாக முதியோர், அவரிடம் மிகுந்த மதிப்பு வைத்திருந்தார்கள். வீட்டுக்கே வந்து பார்ப்பார், அன்பாகப் பேசுவார். 1998-இல் ஒரு மூதாட்டி திடீரென இறந்தார். அவருடைய சொத்தெல்லாம் மருத்துவருக்கே என்று ஒரு போலி உயில் வெளிப்பட்டது. மகள் சந்தேகங்கொண்டு போலீசாரிடம் சென்றார். உடலைத் தோண்டி ஆராய்ந்தபோது மார்பின் வகை நஞ்சு தெரிந்தது. மூதாட்டிக்குப் போதைப் பழக்கம் இருந்திருக்கலாம் என்று தோன்றும்படியான குறிப்புகள் ஷிப்மனின் கணினி ஏட்டில், பழைய தேதிகளின் கீழ் இருந்தன. ஆனால் ஒவ்வொரு பதிவும் உண்மையில் எந்த நாள், எந்த நேரத்தில் தட்டச்சு செய்யப்பட்டது என்பதைக் கணினி மறைவாகத் தன்னுள் குறித்து வைத்திருந்தது. அதை அவர் அறியவில்லை. பழைய தேதியிட்ட குறிப்புகள் இறப்புக்குப் பின் எழுதப்பட்டவை என்று நிரூபணமாயிற்று. 2000-ஆம் ஆண்டு ஜனவரியில் 15 கொலைகளுக்காக அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. நீதிபதி ஜேனட் ஸ்மித் அம்மையாரின் தலைமையில் நடந்த பொது விசாரணை, கொல்லப்பட்டவர்கள் 215 பேர் என்று 2002-இல் கண்டறிந்தது.

நெஞ்சை உறுத்தும் செய்தி வேறொன்று. இதே ஷிப்மன் 1976-இல், தம் சொந்தப் பழக்கத்திற்காகப் போலி மருந்துச் சீட்டு எழுதிப் பெத்திடின் பெற்ற குற்றத்திற்குத் தண்டனை அடைந்தவர். மன்றம் அப்போது எச்சரிக்கைக் கடிதத்தோடு அவரை விட்டுவிட்டது. ஏட்டிலும் சீட்டிலும் பொய் எழுதத் துணிந்தவர் என்ற செய்தி அன்றே கண்ணெதிரில் இருந்தது. நோயாளிகளைக் காப்பதைவிட மருத்துவர்களின் நலனையே மன்றம் பெரிதாகக் கருதியது என்று 2004-ஆம் ஆண்டு விசாரணை அறிக்கை கண்டித்தது. அதன் பின்னர்தான் பிரிட்டனில் மாற்றங்கள் வேகமாக வந்தன. 2008-இல் ஒழுங்கு விசாரணையில் குற்றவியல் அளவான நிரூபணம் வேண்டும் என்ற விதி தளர்த்தப்பட்டது. 2009-இல் மன்றத்தின் உறுப்பினர்களில் பாதிப் பேர் மருத்துவரல்லாதோர் ஆயினர். 2012-இல் குற்றஞ்சாட்டும் வேலை ஒருபுறமும் தீர்ப்பளிக்கும் வேலை மறுபுறமும் பிரிக்கப்பட்டன. 1858-இல் செய்திருக்கலாம்.

நம் நாட்டில் முதன்முதலாக 1912-இல் பம்பாய் மாகாணம் மருத்துவப் பதிவுச் சட்டம் இயற்றியது. வங்காளமும் சென்னையும் 1914-இல் பின்தொடர்ந்தன. அகில இந்திய அமைப்பு தோன்றியதற்குக் காரணம் ஒழுக்கப் பிரச்சினையன்று, மானப் பிரச்சினை. 1930-இல் பிரிட்டிஷ் மன்றம் இந்தியப் பட்டங்களுக்கு அளித்துவந்த அங்கீகாரத்தை நிறுத்திக்கொண்டது. அந்த அவமதிப்பின் பின்னணியில் 1933-ஆம் ஆண்டு இந்திய மருத்துவக் கவுன்சில் சட்டம் பிறந்தது. விடுதலைக்குப் பின் 1956-இல் புதுச் சட்டம் வந்தது. மருத்துவர்களின் நடத்தைக்கு நெறி வகுக்கும் அதிகாரம் 1964-இல் செய்த திருத்தத்தால்தான் கவுன்சிலுக்குக் கிடைத்தது. இன்று நடைமுறையிலிருக்கும் நடத்தை விதிகள் 2002-ஆம் ஆண்டின. 2020 செப்டம்பரில் பழைய கவுன்சில் மறைந்து தேசிய மருத்துவ ஆணையம் வந்தது. அது 2023-இல் புதிய விதிகளை வெளியிட்டு, எதிர்ப்பு எழவே, அதே மாதத்தில் நிறுத்திவைத்தது.

2002-ஆம் ஆண்டு விதிகளில் நோயாளிகள் அறிந்திருக்க வேண்டியவை சில உண்டு. உள்நோயாளியின் ஏட்டைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்றாண்டுகள் காக்க வேண்டும். நோயாளியோ அவரால் அதிகாரம் பெற்றவரோ கேட்டால், கேட்டதற்கு ஒப்புகை அளித்து, 72 மணி நேரத்திற்குள் தர வேண்டும். தரத் தவறுவது தொழில் இழுக்கம் என்றே கணக்கிடப்படும். அளிக்கும் மருத்துவச் சான்றிதழ்களுக்குத் தனிப் பதிவேடு வேண்டும். அதில் நோயாளியின் கையெழுத்தும் அங்க அடையாளமும் இருக்க வேண்டும். தொழில் நிலையைப் பயன்படுத்தி நோயாளியிடம் முறைகேடாக நடப்பதும், தொழிலில் அறிந்த இரகசியத்தை வெளியிடுவதும் தண்டனைக்குரியவை. 2016-இல் செய்த திருத்தம் மருந்துச் சீட்டைத் தெளிவாக, கூடுமானால் பெரிய எழுத்துக்களில், எழுதச் சொல்கிறது. இந்த ஒன்றை மட்டும் என் அனுபவத்தில் அதிகம் கண்டதில்லை.

ஏடு யாருடையது என்ற கேள்வி நம் நீதிமன்றங்களுக்கும் வந்தது. இரகசியம் காக்க வேண்டியிருப்பதால் நோயாளிக்கே அவர் ஏட்டைத் தர முடியாது என்று சில மருத்துவமனைகள் வாதித்ததுண்டு. பெட்டியின் உரிமையாளரிடமிருந்தே பெட்டியைக் காப்பதாகச் சொல்வதற்கு இது ஒப்பாகும். 1996-இல் பம்பாய் உயர்நீதிமன்றம் இவ்வாதத்தை ஏற்கவில்லை. அதற்கு முந்திய ஆண்டில் உச்சநீதிமன்றம், கட்டணம் பெறும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்திற்குட்பட்டது என்று தீர்ப்பளித்திருந்தது. அந்தத் தீர்ப்புக்குப் பின் ஏட்டின் மதிப்பு ஒரே நாளில் உயர்ந்தது எனலாம். நுகர்வோர் மன்றத்தில் ஏட்டைக் காட்ட இயலாத மருத்துவமனையின் பக்கம் வழக்கு சாய்வது கடினம். இரகசியத்திற்கும் எல்லை உண்டென்பதை 1998-இல் வந்த தீர்ப்பு காட்டியது. ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பது மருத்துவமனை வழியாகத் தெரியவந்து திருமணம் நின்றுபோன வழக்கு அது. மணமகளின் உயிர்க்காப்பு உரிமை மேலானது என்று உச்சநீதிமன்றம் கூறியது. மிகுந்த சிந்தனைக்குரிய தீர்ப்பு. அதன்மேல் விவாதம் இன்னும் அடங்கவில்லை.

ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். மாநிலக் கவுன்சிலின் முடிவால் பாதிக்கப்பட்ட மருத்துவர் தேசிய ஆணையத்தின் அறநெறி வாரியத்திடம் முறையிடலாம் என்று 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு கூறுகிறது. முறையிட்ட நோயாளி திருப்தியடையாவிட்டால் என்ன செய்வது என்பதைப் பற்றி அப்பிரிவில் ஒரு சொல்லும் இல்லை. 2002 விதிகளிலோ பாதிக்கப்பட்ட எவரும் மேல்முறையீடு செய்ய வழியிருந்தது. முன்னோக்கிச் சென்ற சட்டம் இந்த ஓர் இடத்தில் பின்னோக்கி நடந்திருக்கிறது. அல்லின்ஸன் வழக்கின் அளவுகோல் இன்னும் முழுதும் கைமாறவில்லை போலும்.

தாய்மாநிலத்தை விட்டு வேற்றூரில் வாழ்வோருக்கு இவ்விஷயம் சற்றுக் கூடுதலாகவே தேவைப்படுகிறது. புனேயிலோ கொல்கத்தாவிலோ தில்லியிலோ, நம் உபாதையை அரைகுறை இந்தியிலோ ஆங்கிலத்திலோ சொல்லுகிறோம். பரிசோதனை அறையில் நடந்ததை அவ்வூர் மொழியில் திறம்படப் புகார் எழுதத் தெரியாமலே பலர் வாளாவிருந்துவிடுகிறார்கள். வயதான தாயாரையோ மகளையோ பரிசோதிக்கும்போது குடும்பத்தார் ஒருவரோ பெண் உதவியாளரோ உடனிருக்கும்படி கேட்பதில் கூச்சப்பட வேண்டியதில்லை; சரகர் காலத்திலிருந்தே வழக்கமான கோரிக்கை அது. மருத்துவர் தம் பதிவு எண்ணை மருத்துவ நிலையத்திலும், மருந்துச் சீட்டு, சான்றிதழ், ரசீது ஆகியவற்றிலும் காட்டியாக வேண்டும். அந்த எண்ணைக் குறித்துக்கொண்டால் அவர் எந்த மாநிலக் கவுன்சிலில் பதிவானவர் என்பது புலப்படும். முறையீடு அங்கேதான் செல்ல வேண்டும், நம் சொந்த மாநிலக் கவுன்சிலுக்கு அன்று. மாற்றலாகி ஊர் விட்டு ஊர் போகும்போது, கேஸ் ஷீட்டின் நகல், எக்ஸ்ரே, இரத்தப் பரிசோதனை முடிவுகள் ஆகியவற்றைப் புறப்படும் முன்பே எழுத்து மூலம் கேட்டு, ஒப்புகையும் பெற்றுக்கொள்வது நலம். மூன்றாண்டு கடந்துவிட்டால், பழைய ஊரின் மருத்துவமனை அந்தக் காகிதத்தை எரித்திருந்தாலும் விதி அதைக் குற்றமென்று சொல்லாது.